பாரதியார் பாட்டுக்கு யாரிடம் அனுமதி கேட்பது?

ஆதம்பாக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

போன வாரம் கருணீகர் தெருப் பக்கம் காய் வாங்கப் போனபோது உன் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பார்த்தேன். ஜெராக்ஸ் கடை வாசலில் ஒரு தாளை வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்கள். பள்ளி ஆண்டு மலருக்கு அவர்களே தயாரித்த பக்கம் அது. மேலே பாரதியார் பாட்டு, கீழே ஒருத்தி வரைந்த படம். என்ன யோசனை என்று கேட்டேன். "அடுத்தவங்க எழுதினத போட்டா காப்பிரைட் கேஸ் ஆயிடும், ஜெயில்கூட உண்டுன்னு சார் சொன்னாரு மிஸ். பாரதியார் பாட்டுக்கு யாருகிட்ட பர்மிஷன் கேக்கணும்னு தெரியல. அதான் பாட்ட எடுத்துடலாமான்னு பாக்குறோம்" என்றாள் படம் வரைந்தவள்.

பாட்டை எடுக்க வேண்டாம், உங்கள் சாரிடம் நான் பேசுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை, தம்பி. என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த பையன், ஆசிரியராகி ஓராண்டுகூட ஆகாதவன், பாடப் புத்தகத்தில் இல்லாத ஒன்றை வகுப்பில் எடுத்துப் பேசியிருக்கிறாய். முப்பது ஆண்டுக்கு மேல் தமிழ் சொல்லிக்கொடுத்த நான் அதை ஒரு நாளும் செய்ததில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகளிடம் போய்ச் சேர்ந்தது பயம் மட்டும்தான். அதனால்தான் இந்தக் கடிதம். உன்னைப்போல் புதிதாக இந்த வேலைக்கு வந்தவர்கள் பலர் இருப்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன்.

முதலில் அவள் கேள்விக்குப் பதில். பாரதியார் பாட்டுக்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. பதிப்புரிமையைப் பற்றித் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை கிடையாது. உன் அடுத்த வகுப்பை இதிலிருந்து தொடங்கு.

1921 செப்டம்பரில் திருவல்லிக்கேணியில் பாரதி இறந்தபோது மனைவி செல்லம்மாவுக்கும் இரண்டு பெண்களுக்கும் மிஞ்சியது அவர் எழுதிய தாள்கள்தான். செல்லம்மா பாரதி ஆச்ரமம் என்ற பெயரில் தாமே புத்தகம் போட்டுப் பார்த்தார். பிறகு நூல்களின் உரிமை பாரதியின் தம்பி சி. விசுவநாதனிடம் போனது. அவர் பாரதி பிரசுராலயம் வழியாகப் பல ஆண்டுகள் நூல்களை வெளியிட்டார். பாட்டை இசைத்தட்டில் பதிக்கும் உரிமை அதற்குள் தனியாகப் பிரிந்து ஒரு வணிகர் கைக்குப் போயிருந்தது. அவரிடமிருந்து அதை வாங்கியவர் ஏ.வி. மெய்யப்பன். 1947-இல் வந்த 'நாம் இருவர்' படத்தில் டி.கே. பட்டம்மாள் குரலில் பாரதி பாட்டு ஊரெல்லாம் கேட்டது இப்படித்தான்.

மறு ஆண்டு டி.கே.எஸ். சகோதரர்கள் 'பில்ஹணன்' படத்தில் பாரதியின் பாட்டு ஒன்றைப் பயன்படுத்தினார்கள். உரிமை எங்களுடையது என்று மெய்யப்பனின் ஏ.வி.எம். நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது, சுதந்திரத்தைப் பாடியவனின் பாட்டுக்கு இல்லையா என்று தமிழ்நாடு கேட்டது. நாரண துரைக்கண்ணன், டி.கே. சண்முகம், ஜீவானந்தம் என்று அரசியலில் ஒன்றுசேராதவர்கள்கூட இதில் ஒன்றுசேர்ந்தார்கள். பாரதி விடுதலைக் கழகம் என்றே ஓர் அமைப்பு உருவானது. 1949-இல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது, அரசு உரிமையை வாங்கியது. விசுவநாதனுக்கு 15,000 ரூபாய். செல்லம்மாவுக்கும் இரண்டு மகள்களுக்கும் ஆளுக்கு 5,000. மெய்யப்பன் தம்மிடம் இருந்த உரிமையைப் பணம் வாங்காமலே கொடுத்துவிட்டார். சில ஆண்டுகள் கழித்து, 1955-இல், அரசு அதை மக்களுக்கே விட்டுவிட்டது. இந்த வரலாற்றை ஆ.இரா. வேங்கடாசலபதி 'பாரதி: கவிஞனும் காப்புரிமையும்' என்ற நூலில் ஆவணங்களோடு எழுதியிருக்கிறார். பள்ளி நூலகத்தில் இல்லையென்றால் வாங்கிப் போடச் சொல்.

இந்தக் கதையில் பிள்ளைகள் யார் பக்கம் நிற்பார்கள் என்று கேட்டுப் பார். எல்லோரும் முதலில் டி.கே.எஸ். பக்கம் நிற்பார்கள். அப்போது செல்லம்மாவைப் பற்றிக் கேள். வறுமையில் இருந்த அந்தக் குடும்பத்துக்குப் பாட்டின் உரிமை தவிர வேறு சொத்து என்ன இருந்தது? காசு கொடுத்து முறைப்படி வாங்கிய மெய்யப்பன் செய்த தவறு என்ன? வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிடும். அந்த அமைதியில்தான் பதிப்புரிமை என்பது புரியத் தொடங்கும். எழுதியவர் பிழைக்க வேண்டும், எழுதியது ஊருக்குப் போய்ச் சேரவும் வேண்டும். இரண்டுக்கும் இடையில் ஒரு காலக்கெடுவை வைத்ததுதான் சட்டம் செய்த வேலை. நம் நாட்டில் எழுத்துக்கு அந்தக் கெடு எழுதியவர் ஆயுளும் அதற்கு மேல் 60 ஆண்டும். முன்பு 50 ஆக இருந்தது. தாகூர் 1941-இல் இறந்ததால் அவர் நூல்களின் உரிமை 1991-இல் முடியவிருந்தது. அதையொட்டித்தான் 60 ஆக்கினார்கள்.

இங்கே சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காப்புரிமை என்று எழுதினால் பிள்ளைகள் கண்டுபிடிப்புக்கு வாங்கும் பேட்டன்ட்டோடு குழப்பிக்கொள்கிறார்கள், ஏனென்றால் அதற்கும் அதே சொல்லைத்தான் பத்திரிகைகள் எழுதுகின்றன. நான் பதிப்புரிமை என்றே எழுதுகிறேன். பாட்டுக்கும் படத்துக்கும் பதிப்பு ஏது என்று கேட்பார்கள். பழகிப்போன சொல் என்று சொல்லிக் கடந்துவிடு.

இப்போது உன் தொழிலுக்கு வருகிறேன். நீ சிறைத் தண்டனையைச் சொன்னது பொய்யில்லை. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை இருக்கிறது. அது அறிந்தே உரிமையை மீறுகிறவர்களுக்கானது. அதே சட்டத்தில் 52-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இவையெல்லாம் மீறல் ஆகாது என்று வரிசையாகச் சொல்லும் நீளமான பிரிவு. வகுப்பறைக்குச் சட்டம் திறந்து வைத்த வாசல் அங்கேதான் இருக்கிறது. பாடம் நடத்தும்போது ஆசிரியரோ மாணவரோ எந்தப் படைப்பையும் படியெடுக்கலாம். கேள்வித்தாளில் ஒரு பத்தியைக் கொடுக்கலாம், விடைத்தாளில் எழுதலாம். சொந்தப் படிப்புக்கும் ஆய்வுக்கும், விமர்சனம் செய்வதற்கும், நடப்புச் செய்தியைச் சொல்வதற்கும் நியாயமான அளவில் எடுத்துக்கொள்ளலாம். பார்வையற்ற பிள்ளைக்காக ஒரு புத்தகத்தை ஒலிநூலாகவோ பிரெய்லியாகவோ மாற்றித் தரலாம். 2012-இல் சேர்த்த திருத்தம் அது. நீயும் நானும் தினமும் செய்கிற வேலையை இந்தச் சட்டம் மதித்திருக்கிறது என்பதை ஓய்வு பெற்ற பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். நீ இப்போதே படித்துவிடு.

டில்லி வழக்கு உனக்குத் தெரிந்திருக்கலாம். டில்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் வளாகத்தில் ராமேஸ்வரி போட்டோகாப்பி சர்வீசஸ் என்று ஒரு சின்னக் கடை. பேராசிரியர்கள் கொடுக்கும் பட்டியலின்படி பல புத்தகங்களிலிருந்து அத்தியாயங்களை எடுத்துத் தைத்து மாணவர்களுக்குக் கொடுத்து வந்தது. 2012 ஆகஸ்டில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், டெய்லர் அண்ட் பிரான்சிஸ் ஆகிய மூன்று பதிப்பகங்கள் கடை மேலும் பல்கலைக்கழகத்தின் மேலும் வழக்குப் போட்டன. கேட்ட இழப்பீடு 60 லட்சம் ரூபாய். மாணவர்களும் ஆசிரியர்களும் சங்கம் வைத்து வழக்கில் சேர்ந்துகொண்டார்கள். தம் நூல்களையே வெளியிட்ட பதிப்பகங்களிடம் வழக்கு வேண்டாம் என்று எழுதியவர்களில் அமர்த்திய சென்னும் ஒருவர்.

2016 செப்டம்பர் 16 அன்று நீதிபதி ராஜீவ் சகாய் எண்ட்லா வழக்கைத் தள்ளினார். நூலகத்தில் உட்கார்ந்து கையால் எழுதி எடுத்தால் குற்றமில்லை, அதையே இயந்திரம் எடுத்தால் மட்டும் குற்றமா என்பது அவர் சொன்ன காரணம். அதே ஆண்டு டிசம்பரில் மேல்முறையீட்டில் இரண்டு நீதிபதிகள் இன்னும் தெளிவாக ஒன்றைச் சொன்னார்கள்: எத்தனை பக்கம் என்பது அளவுகோல் ஆகாது, கற்பித்தலுக்கு அது தேவைப்பட்டதா என்பதுதான் கேள்வி. அந்தத் தொகுப்புகளில் எடுத்ததெல்லாம் தேவைப்பட்டதுதானா என்று விசாரிக்கச் சொல்லி வழக்கைக் கீழே அனுப்பினார்கள். 2017 மார்ச்சில் பதிப்பகங்கள் வழக்கையே திரும்பப் பெற்றுக்கொண்டன.

இதை ஏன் இவ்வளவு விரித்து எழுதுகிறேன் என்றால், உன் பிள்ளைகள் யூடியூபில் கேட்டு வருவது அமெரிக்கச் சட்டம். முப்பது நொடி வரை பாட்டுப் போடலாம், பத்து சதவீதம் எடுக்கலாம் என்பார்கள். அமெரிக்கச் சட்டத்திலேயே அப்படி ஓர் எண் கிடையாது. எதற்காக எடுத்தாய், எடுத்தது எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தாய், அதனால் மூலத்தின் விற்பனை கெடுகிறதா என்று நான்கைச் சேர்த்துப் பார்ப்பது அவர்கள் வழக்கம். ஃபேர் யூஸ் என்கிறார்கள். நம்முடையது ஃபேர் டீலிங். எந்தெந்தக் காரியத்துக்கு என்று சட்டமே பெயர் சொல்லி வைத்திருக்கிறது. அதில் நம் காரியம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

வாசல் இருக்கிறது என்பதற்காக வாசலுக்கு வெளியே உள்ளதும் நம்முடையது ஆகிவிடாது. இதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன்.

1990-களில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இலக்கணக் குறிப்பு ஒன்று கைப்பட எழுதியிருந்தேன். எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் புத்தகத்திலிருந்து எடுக்காமல் நானே அமைத்தேன். ஆதம்பாக்கம் ஏரி வரும், பரங்கிமலை ஸ்டேஷன் வரும், நங்கநல்லூரில் இருந்த என் அத்தை வருவாள். பிள்ளைகள் அதை ஜெராக்ஸ் எடுத்தார்கள். அடுத்த வருடப் பிள்ளைகள் அந்த ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுத்தார்கள். எழுத்து தேய்ந்து தேய்ந்து படிக்க முடியாமல் போன பிரதியைக்கூட ஒருத்தி பத்திரமாக வைத்திருந்தாள். அதைப் பார்த்து நான் பட்ட சந்தோஷம் உனக்கு இனிமேல்தான் தெரியும்.

ஒரு ஜூன் மாதம் ஒரு பெண் புது கைடு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். விரித்தால் என் வாக்கியங்கள். ஏரி, ஸ்டேஷன், அத்தை, எல்லாம் வரிசை மாறாமல். அட்டையில் வேறு யாரோ பெயர். விலை போட்டிருந்தது. நான் அதை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். கடிதம் எழுத வேண்டும் என்று பல நாள் நினைத்து எழுதாமல் விட்டேன். அதற்கு எனக்கு உரிமை உண்டு என்பதே அப்போது தெரியாது.

பிள்ளைகள் எடுத்ததும் படிதான், அந்தப் பதிப்பாளர் எடுத்ததும் படிதான். ஒன்று என்னை வளர்த்தது, இன்னொன்று என்னை இல்லாமல் ஆக்கியது. பிள்ளைகளுக்கு இந்த வேறுபாடு புரிந்துவிட்டால் பிரிவு எண்கள் மறந்துபோனாலும் பரவாயில்லை. சட்டத்தில் இதற்கும் இடம் இருக்கிறது. 57-ஆம் பிரிவின்படி, உரிமையை விற்றுவிட்ட பிறகும் இது என்னுடையது என்று சொல்லும் உரிமையும், தன் பெயருக்கு இழுக்கு வரும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் எழுதியவரிடமே இருக்கும்.

பெயர் போட்டுவிட்டால் போதும் என்று இதை எடுத்துக்கொள்ளவும் கூடாது. 'நன்றி: கூகுள்' என்று படத்துக்குக் கீழே எழுதி வருகிறார்கள். கூகுள் தேடிக் கொடுத்தது, வரையவில்லை. வரைந்தவர் யார் என்று அந்தப் பக்கத்துக்குள் போய்ப் பார்க்கச் சொல். பெயர் சொல்வது வேறு, அனுமதி பெறுவது வேறு. பாரதிக்கு அனுமதி வேண்டாம், ஆனால் பெயர் போடாமல் அச்சிட்டால் அது நன்றாக இருக்காது. இன்று எழுதிக்கொண்டிருக்கும் ஒருவருக்குப் பெயரும் போட வேண்டும், வாசலுக்கு வெளியே என்றால் அனுமதியும் வேண்டும்.

வகுப்பில் என்ன செய்யலாம் என்று கேட்டால், அவர்கள் நோட்டிலிருந்தே ஆரம்பிக்கச் சொல்வேன். போன வாரம் எழுதிய கட்டுரையை எடுக்கச் சொல். இதன் உரிமையாளர் யார் என்று கேள். பள்ளி என்பார்கள், நீ என்பார்கள். அந்தப் பிள்ளைதான். எங்கும் பதிய வேண்டாம், கட்டணம் வேண்டாம். எழுதிய அன்றே அது அவளுடையது. மாணவர் பள்ளியின் சம்பள ஊழியர் இல்லை. ஆகவே அவள் வரைந்த படத்தைப் பள்ளி தன் விளம்பரத்தில் போட வேண்டுமானால் அவளையும் வீட்டாரையும் கேட்க வேண்டும். தனக்கும் உரிமை இருக்கிறது என்று அறிந்த பிள்ளைக்கு அடுத்தவர் உரிமையைப் பற்றித் தனியாகப் பயமுறுத்திச் சொல்ல வேண்டியதில்லை.

நம் தெருவில் மார்கழிக் கோலம் பார்த்திருப்பாய். பாட்டி காலத்திலிருந்து வரும் சிக்குக் கோலம் யாருக்கும் தனியாகச் சொந்தமில்லை, யாரும் போடலாம். எதிர் வீட்டுப் பெண் தானே யோசித்து நோட்டில் வரைந்து பிறகு வாசலில் போட்ட புது வடிவம் அவளுடையது. புள்ளி வைத்துக் கோலம் போடலாம் என்ற எண்ணத்தை யாரும் பூட்டி வைக்க முடியாது. 1978-இல் உச்ச நீதிமன்றம் ஒரு நாடகத்துக்கும் ஒரு திரைப்படத்துக்கும் இடையிலான வழக்கில் இதையேதான் சொன்னது: கருத்து பொது, அதை ஒருவர் சொன்ன விதம்தான் அவருக்கு உரியது. 2015 வெள்ளத்தைப் பற்றி நாற்பது பிள்ளைகளும் கட்டுரை எழுதலாம். பக்கத்துப் பெஞ்சுக்காரி எழுதிய வாக்கியத்தை எடுத்து எழுதக் கூடாது.

இன்னொரு நாள் 'பொன்னியின் செல்வ'னை எடுத்துக்கொண்டு போ. கல்கி 1954-இல் மறைந்தார். அவர் நூல்களைத் தமிழ்நாடு அரசு 1999-இல் நாட்டுடைமை ஆக்கியது, 60 ஆண்டுக் கெடுவும் 2014-உடன் முடிந்துவிட்டது. கதை முழுவதையும் நீ தட்டச்சு செய்து அச்சடிக்கலாம். ஆனால் வந்தியத்தேவனும் குந்தவையும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நம் கண்ணில் நிறுத்திய ஓவியர் மணியம் 1968-இல் மறைந்தார். கணக்குப் போடச் சொல். அந்த ஓவியங்களின் கெடு 2028 முடியும் வரை இருக்கிறது. ஒரே புத்தகத்தில் சொல் விடுதலையாகிவிட்டது, படம் ஆகவில்லை. என் பேரனிடம் இதைச் சொன்னபோது அவன் தன் அலமாரியில் உள்ள ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, இதில் யார் யாருக்கு என்னென்ன சொந்தம் என்று ஒரு மாலை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆண்டு விழா வரப்போகிறது. சினிமாப் பாட்டுக்கு ஆடினால் கேஸ் வருமா என்றும் கேட்பார்கள். ஆசிரியர், மாணவர், பெற்றோர், பள்ளியோடு தொடர்புள்ளவர்கள் முன்னால் பள்ளி நிகழ்ச்சியாக ஆடினால் 52-ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. அதைப் படம் பிடித்து யூடியூபில் ஏற்றினால் பார்ப்பவர் உலகம் முழுவதும் ஆகிவிடுகிறார்கள். அங்கே அந்தப் பாதுகாப்பு செல்லாது. பிள்ளைகள் ஆட்டத்தைப் பெற்றோர் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் என்றால் ஏற்றாமலே கொடுக்கலாம். ஏற்றத்தான் வேண்டும் என்றால் பள்ளிப் பிள்ளைகளே பாடி, தாளம் போட்டு, ஒரு நாட்டுப்புறப் பாட்டுக்கோ பாரதிக்கோ ஆடட்டும்.

எனக்கு மனசு ஆறாத ஒன்று பி.டி.எஃப். ஆசிரியர்கள் வாட்ஸ்அப் குழுவிலேயே உயிரோடு இருக்கும் எழுத்தாளரின் நாவல் முழுசாக வருகிறது. 'படித்துப் பயன் பெறுங்கள்' என்று ஒரு வரியோடு. தமிழில் ஒரு நாவல் சில நூறு பிரதிகள்தான் அச்சாகிறது. ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சியில் அந்த எழுத்தாளர் தம் பதிப்பாளர் கடையில் ஓரமாக நின்றுகொண்டிருப்பார். வகுப்பில் ஒரு சிறுகதையை எடுத்து நாற்பது பிரதி போட்டு நடத்து, அது பாடம். நாவலை முழுதாக எடுத்து நானூறு பேருக்கு அனுப்புவது பாடம் இல்லை. உன் கைபேசிக்கு அப்படி வந்தால் மேலே அனுப்பாதே, அனுப்பியவரிடம் பேசு.

சும்மாவே கிடைக்கும் நல்ல தமிழ் கொட்டிக் கிடக்கிறது. 1998 பொங்கலில் கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் சங்க இலக்கியம் முதல் இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் நாட்டுடைமை நூல்கள் இருக்கின்றன. எடுத்துக்கொள்ளுங்கள் என்று எழுத்தாளர்களே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கொடுத்த மின்னூல்கள் இருக்கின்றன. ஈழத்து நூல்களுக்கு நூலகம் என்றே ஒரு தளம். ஒரு சனிக்கிழமை பிள்ளைகளை பெசன்ட் நகரில் உ.வே.சா. நூலகத்துக்கு அழைத்துப் போ. ஓலைச்சுவடியைக் கண்ணால் பார்த்தால், படியெடுத்தவர்கள் இல்லையென்றால் நமக்குச் சங்கப் பாட்டே இல்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் உன்னிடம் ஒப்புக்கொள்ள வேண்டும். நான் பொறுப்பில் இருந்த ஓர் ஆண்டு மலரின் அட்டைப் படத்தை ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் வரைந்தான். உள்ளே அவன் பெயர் விட்டுப்போயிற்று. தலைமையாசிரியர் பெயர், அச்சகத்தின் பெயர், என் பெயர், எல்லாம் இருந்தன. அவன் ஒன்றும் சொல்லவில்லை. மலரைக் கையில் வாங்கிப் பக்கங்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டே நின்றான். கைடு சம்பவம் நடந்தபோது எனக்கு அந்தப் பையன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பெண் பிள்ளை வரைந்த படம் நன்றாக இருக்கிறது, தம்பி. பாட்டின் கீழே பாரதியார் பெயரையும், படத்தின் கீழே அவள் பெயரையும் வகுப்பையும் போடு. மலர் அச்சுக்குப் போகும் முன் வரைந்தவர்கள், எழுதியவர்கள் பட்டியலை ஒரு முறை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வா. இருவரும் உட்கார்ந்து சரிபார்ப்போம்.

அன்புடன்,
உன் தமிழம்மா